யாழ்ப்பாணத்தில் பைக் பைத்தியமாக வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கராஜ் வாசல், கலியாண வீட்டுப் பந்தல், கோயில் வீதி என்று எங்கே நின்றாலும் என்னைத் தேடி வரும் கேள்விகள் இவை. பதில்களில் பாதி என் கைப்பட்டவை. மீதி கராஜ் வாங்கில் குந்தியிருந்து காதில் விழுந்தவை. பந்தயம், வீலிங் என்று தேடி வந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை.

குடாநாட்டில் ஒரு மலை இல்லை, ஒழுங்கான வளைவு இல்லை. இங்கே பைக் ஓடுவதில் என்ன ருசி?

மலை இல்லை என்பது சரி. தூரமும் இல்லை. நகரத்திலிருந்து பருத்தித்துறையோ காங்கேசன்துறையோ ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடும் தூரம்தான். ஆனால் வெளி இருக்கிறது. பருத்தித்துறை வீதியில் வல்லை வெளியை ஒருமுறை பின்னேரம் ஐந்தரை மணிக்குக் கடந்து பாருங்கள். வீடுகளும் மதில்களும் சட்டென்று நின்றுபோய், இரண்டு பக்கமும் வெட்டையும் தண்ணீரும் மட்டும் இருக்கும். காற்று சேட்டுக்குள் புகுந்து முதுகை ஊதிவிடும். முனியப்பர் கோயிலடியில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்குப் பக்தி பாதி, அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்ற ஆசை பாதி என்பது என் எண்ணம்.

அதைவிட, இங்கே பைக் பிரியனின் நேரம் ஓடுவதில் போவதே குறைவு. துடைப்பதிலும் இறுக்குவதிலும் ஒயில் விடுவதிலும் கறளோடு மல்லுக்கட்டுவதிலும்தான் போகிறது. மிச்ச நேரம் வீட்டு வேலைக்கு. காலையில் அம்மாவைச் சந்தைக்கு ஏற்ற வேண்டும், மத்தியானம் தங்கச்சியின் ரியூசன், பின்னேரம் பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரி மருந்து. ஹாண்டிலில் மீன் பை, பின்னால் அரிசி மூட்டை. பைக் உங்களுடையது என்று நினைப்பது நீங்கள் மட்டும்தான். இது பிடிக்காவிட்டால் இந்த ஊரில் பைக் பைத்தியமாக இருப்பது கஷ்டம்.

முதல் பைக்காக எதை வாங்கலாம்?

சாமான் கிடைக்கும் பைக்கை வாங்குங்கள். பல்சர், டிஸ்கவர், அப்பாச்சி, ஸ்ப்லெண்டர், எஃப்.இசட், டியோ இவற்றுக்கு ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு நடை நடந்தால் சாமான் கைக்கு வந்துவிடும். அபூர்வமான பைக் வாங்கினால் படலையடியில் நிறுத்திவைத்துப் படம் எடுக்கலாம். பிரேக் கட்டை தேய்ந்த அன்று கொழும்புக்கு ஆள் விட வேண்டும்.

சிசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். வலிகாமத்து ஒழுங்கைகளில் மூன்றாம் கியருக்கு மேல் போக இடம் கிடைக்காது. 100 முதல் 150 சிசி தாராளம். 200க்கு மேல் ஆசை வந்தால் அது வேறு கதை, ஆசைக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. ஆனால் வீட்டில் ‘தேவை’ என்று சொல்லி வாங்காதீர்கள், யாரும் நம்பப்போவதில்லை. லைசன்சையும் பாருங்கள். 100 சிசி வரையிலான இலகு ரகத்துக்கு ஒரு வகுப்பு, அதற்கு மேல் வேறு வகுப்பு. சின்ன ரகத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு 150 ஓடினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம்.

பழைய பைக் வாங்குவதென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் புக், அதாவது பதிவுச் சான்றிதழ். எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து, துணியால் துடைத்து, ரோர்ச் அடித்துப் பாருங்கள். லீசிங் முடிந்துவிட்டதா என்று கேட்டால் மட்டும் போதாது, புத்தகத்தில் உரித்தாளராக இன்னொரு நிறுவனத்தின் பெயர் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லீசிங் கட்டாத பைக்கைத் தூக்க ஆள் வரும்போது, நீங்கள் கொடுத்த காசைப் பற்றி அவர்களுக்கு அக்கறை கிடையாது.

‘ஓப்பின் பேப்பர்தான் தம்பி, பிறகு மாத்தலாம்’ என்பார்கள். விற்றவர் கையெழுத்து மட்டும் போட்ட படிவத்தோடு ஐந்தாறு கை மாறிய பைக்குகள் இங்கே எக்கச்சக்கம். அந்தப் பிறகு வருவதே இல்லை. முதல் சொந்தக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார், அடையாள அட்டைப் பிரதிக்குக்கூட அலைய வேண்டும். வாங்கின கிழமையே பெயரை மாற்றுங்கள். விற்கிறவருக்கும் இதுதான் நல்லது. நாளைக்கு அந்தப் பைக் எங்கேயாவது பிரச்சினையில் மாட்டினால் பொலிஸ் வந்து தட்டுவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் படலையைத்தான்.

விலை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய பைக், வாங்கின விலையைவிடக் கூடப் போனது. வாங்கி ஓடிவிட்டு லாபத்துக்கு விற்ற ஆட்கள் இன்னமும் அந்தக் கனவிலிருந்து எழும்பவில்லை.

எம்.டி. 90 என்றால் ஏன் எல்லோருக்கும் இப்படி ஒரு உருக்கம்?

ஹொண்டா எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த பைக். 1958இல் வந்த சுப்பர் கப் குடும்பத்துப் பிள்ளை. தபால் மூட்டையோடு ஒரு நாளைக்கு நூறு படலையில் நின்று நின்று கிளம்ப வேண்டிய வேலை என்பதால், கிளச் லீவர் இல்லாமல் காலால் மட்டும் கியர் மாற்றலாம். படுத்த எஞ்சின், மூடிய செயின், உறுதியான கரியர். யாழ்ப்பாணத்து வாத்தியார், விதானையார், மீன் வியாபாரி என்று எல்லோருக்கும் பொருந்தியது இந்தக் குணம்தான். செயின் மூடிக்குள் இருப்பதால் செம்மண்ணும் உப்பும் எளிதில் தொடாது. இன்றைக்கும் பின்னால் மீன் பெட்டி கட்டிய எம்.டி. ஒன்று உங்களை முந்திக்கொண்டு போகும், ஓடுகிறவருக்கு எழுபது வயது இருக்கும்.

நல்ல நிலையில் உள்ள எம்.டி. கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் சிவப்புப் பெயின்ற் அடித்து, குரோம் பூசி, காட்சிப் பொருளாக விற்பவற்றைக் கவனியுங்கள். பெயின்றுக்குக் கீழே சேசி ஒட்டுப் போட்டிருக்கும்.

சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் பைக் ஓடியது உண்மையா? எப்படி?

உண்மை. இப்போதைய பிள்ளைகள் நம்பாமல் கேட்கும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் தடைப் பட்டியலில். கிடைத்த கொஞ்சமும் தங்க விலை. அதனால் பைக்கும், மொரிஸ், ஏ40 போன்ற பழைய கார்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின.

சிக்கல் எங்கே என்றால், பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆகாது, அதற்குச் சூடு வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் போனால் துளித் துளியாகப் பிளக்கில் ஒட்டி நனைத்துவிடும், பொறி வராது. ஆகவே முதலில் ஒரு சொட்டுப் பெற்றோல். சின்னப் போத்தலிலோ ஊசி மருந்துக் குப்பியிலோ பெற்றோலை வைத்திருந்து, காபிரேற்றர் வாயில் சில துளி விட்டு, உடனே உதைக்க வேண்டும். எஞ்சின் பிடித்ததும் திறொட்டிலை விடாமல் முறுக்கிப் பிடித்துச் சூடாக்க வேண்டும். சூடு ஏறின பிறகுதான் மண்ணெண்ணெய் ஒழுங்காக எரியும். கொஞ்சம் வசதியானவர்கள் பெற்றோலுக்குத் தனிச் சின்னத் தாங்கியும் இரண்டாவது ரப்பும் பூட்டியிருந்தார்கள். நிற்பாட்டுவதற்கு முன் பெற்றோல் பக்கம் திருப்பிவிட்டால், காபிரேற்றர் கிண்ணத்துக்குள் பெற்றோல் நிற்கும், அடுத்த உதையில் எழும்பும்.

இதற்கு எஞ்சின் கொடுத்த விலை பெரிது. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன், அதாவது தட்டாமல் எரியும் தன்மை, குறைவு, அதனால் ஏற்றம் வந்தாலும் பாரம் கூடினாலும் எஞ்சினுக்குள் ‘டக் டக்’ என்று தட்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து ஒயிலோடு கலந்து, ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி படியும். அதனால் அந்தக் காலத்தில் பைக் வைத்திருந்தவர்களின் சேட் பையில் பேனா இல்லாவிட்டாலும் பிளக் சாவியும் ஒரு துண்டு அரத்தாளும் இருக்கும். நடுவீதியில் நின்று பிளக்கைக் கழற்றி, உரசி, ஊதி, திரும்பப் பூட்டுவது யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி. பின்னால் வெள்ளைப் புகையும், கண்ணை எரிக்கும் மணமும். கலியாணத்துக்குப் பட்டுச்சேலையோடு பைக்கில் போய் இறங்கினவர்களைக் கேட்டால், சேலையில் அந்த மணம் எத்தனை நாள் நின்றது என்று சொல்வார்கள்.

ஒன்று மட்டும்: இன்றைய இன்ஜெக்சன் பைக்கில் இதை முயல வேண்டாம். காபிரேற்றரும் உதைக் கம்பியும் இருந்த காலத்து வித்தை அது. இப்போது செய்தால் பம்பும் இன்ஜெக்டரும் போய்விடும். எங்கள் பழைய மெக்கானிக் அண்ணைமாருக்குக் காதால் கேட்டே பழுது சொல்லும் திறமை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், இந்தக் காலத்தைத்தான் காட்டுவேன்.

உப்புக்காற்றிலிருந்து பைக்கை எப்படிக் காப்பாற்றுவது?

குடாநாட்டில் கடலுக்கும் கடனீரேரிக்கும் தூரமான வீடு என்று ஒன்று இல்லை. பண்ணைப் பாலத்தால் தினம் வேலைக்குப் போய் வருகிறவரின் பைக்கையும், உரும்பிராய் உள்பக்கம் நிற்கும் பைக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வருடப் பைக்தான், ஆனால் பாலத்துப் பைக்கின் சைலென்சர் அடிப்பக்கம் அப்பளம் போல உதிரும். சோளகம் என்ற தென்மேல் காற்று அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை இது இன்னும் மோசம். காற்று கடல் துளியை அப்படியே தூக்கி வந்து அப்பும்.

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையில் நனையாத பைக்கும் உண்மையில் நனைந்தே நிற்கிறது. கறள் முதலில் வரும் இடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. சென்ரர் ஸ்டாண்டின் ஸ்பிரிங், சைலென்சர் ஒட்டுப் போட்ட இடம், சில்லுக் கம்பிகள் றிம்மில் இறங்கும் முனை, பற்றரி முனைகள், டிஸ்க் பிரேக்கின் உள்பின். கடைசியில் சொன்னதுதான் ஆபத்து. பின் இறுகினால் பிரேக் ஒரு பக்கமாகப் பிடிக்கும். கட்டை ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் புதிதாக இருந்தால் உடனே கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று உள்ள கிறீஸ் பூச வேண்டும்.

தீவுப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே கழுவுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். ஆனால் எந்தத் தண்ணீரில்? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் கழுவுவதும் உப்பை அப்புவதும் ஒன்றுதான். நல்ல தண்ணீர்க் கிணறுகளிலும் சுண்ணாம்பு கூட. வெயிலில் காயவிட்டால் தாங்கியில் வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும், பிறகு துணியால் தேய்த்தால் போகாது. நிழலில் கழுவி, உடனே துடையுங்கள். மாரியில் பீலித் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் அதைவிட நல்ல கழுவு தண்ணீர் கிடையாது.

கழுவினதும் கொஞ்சம் ஓடி எஞ்சினைச் சூடாக்குங்கள், ஒளிந்திருக்கும் ஈரம் போகும். பிறகு செயினுக்கு ஒயில். பற்றரி முனைக்கு வாசலின் பூசினால் போதும். சிலர் பழைய எஞ்சின் ஒயிலைப் பிரஷால் அடிப்பக்கம் முழுக்க அடிப்பார்கள். சேசிக்கு அது சரி, ஆனால் ஒரு துளி டிஸ்கிலோ ரயரிலோ பட்டால் அடுத்த சந்தியில் தெரியும்.

செம்மண் தூசி?

கோப்பாய், சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஓடினால் எயார் பில்ரர் கையேட்டில் சொன்ன கணக்குக்கு நிற்காது. அதில் பாதித் தூரத்திலேயே திறந்து பாருங்கள். பைக் வழக்கத்தைவிடப் பெற்றோல் குடிக்கிறது, இழுவை இல்லை என்று கராஜுக்கு வருவதில் நிறையப் பேருக்கு வருத்தம் இந்தச் சிவப்புத் தூள்தான். கடதாசிப் பில்ரரைக் கழுவக் கூடாது, தட்டிவிட்டுத் திரும்பப் போடுவதும் ஒரு தரம் இரண்டு தரத்துக்குத்தான்.

92 ஒக்டேன் பெற்றோலா 95ஆ?

கையேட்டில் 92 போதும் என்றால் 92. நூற்றைம்பது சிசிக் காற்றுக் குளிர் எஞ்சினுக்கு 95 ஊற்றினால் பைக் பறக்கும் என்பது பெற்றோல் செற்றில் வரிசையில் நிற்கும்போது உண்டாகும் கற்பனை.

வரிசை என்றதும் 2022 நினைவு வராமல் போகாது. யூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய். அதுவும் கிடைத்தால். பிறகு கியூ.ஆர். அட்டை வந்து, தொடக்கத்தில் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். ஊர் முழுக்கச் சைக்கிள் திரும்பி வந்தது. மண்ணெண்ணெய்க் காலத்தைப் பார்த்த கிழவர்கள் மட்டும் வரிசையில் அமைதியாக நின்றார்கள், ‘இதென்ன பெரிய விசயம்’ என்ற முகத்தோடு.

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

கராஜ் வாசலில் நிற்கும் பைக்குகளைப் பாருங்கள். உங்களுடைய அதே ரகம் இரண்டு மூன்று நின்றால் உள்ளே போகலாம். பைக்கை ஸ்ராட் பண்ணச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்கிற அண்ணை நல்லவர். கேட்காமலேயே ‘போர் வேலை இருக்கு’, அதாவது சிலிண்டரைக் கடைய வேண்டும் என்கிறவரிடம் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். கழற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தருவதற்குத் தயங்கினால் அடுத்த முறை வேறு இடம்.

சின்ன வேலைகளை நீங்களே பழகுங்கள். செயின் இறுக்கம் பார்க்க ஒரு விரல் போதும். நடுவில் மேலும் கீழும் 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆட வேண்டும் என்பது பெரும்பாலான பைக்குகளுக்குப் பொருந்தும். கறள் பிடிக்கும் என்று பயந்து கம்பி மாதிரி இறுக்கி வைப்பவர்கள்தான் சீக்கிரம் ஸ்பொக்கெட் மாற்றுகிறார்கள்.

வீட்டில் பைக் என்றாலே அம்மா வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் சந்திக்குப் பக்கத்து மதிலில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று ஒட்டியிருக்கும். அதில் இருப்பது பல தடவை இருபது வயது முகம். அதைப் பார்த்துக்கொண்டுதான் அம்மா தினம் சந்தைக்குப் போகிறார்.

வாதாடி வென்ற ஆள் கிடையாது. வேலை செய்தது ஒன்றுதான்: சொன்ன நேரத்துக்கு வீடு வருவது. இன்னொன்று, அம்மாவை முன்வீட்டு அன்ரி பார்க்கும்படி ஒருநாள் பைக்கில் மெதுவாகக் கோயிலுக்குக் கூட்டிப் போவது. புதுப் பைக் என்றால் முதலில் கோயில்தான். மாலை, சந்தனப் பொட்டு, சில்லுக்குக் கீழே தேசிக்காய். தேசிக்காய் நசிந்த பிறகு அம்மாவின் எதிர்ப்பு பாதி குறைந்திருக்கும்.

ஹெல்மெட் ஒழுங்கைக்குள்ளும் போட வேண்டுமா?

ஆம். பின்னால் இருப்பவருக்கும். வார் பூட்டாத ஹெல்மெட் தலையில் இருப்பதும் ஹாண்டிலில் தொங்குவதும் ஒன்று.

பொலிஸ் ஏன் பெடியள் பைக்கை மட்டும் மறிக்கிறார்கள்?

வாள்வெட்டுக் குழுக்கள் பைக்கில் வந்து பைக்கில் ஓடின காலத்திலிருந்து, இரண்டு பெடியள் ஒரு பைக்கில் போனாலே சந்தேகம் என்றாகிவிட்டது. அநியாயம்தான். ஆனால் இலக்கத் தகட்டை மடித்துவிட்டு, சைலென்சரை வெட்டிவிட்டு, அநியாயம் என்று கத்துவதில் பிரயோசனம் இல்லை. லைசன்ஸ், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் கையில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இன்சூரன்சும் வேண்டும். பிரதேச செயலகத்துக்குப் போகும் அன்றைக்குத்தான் பலருக்குப் புகை ஞாபகம் வரும்.

சைலென்சர் பற்றி என் கருத்து வேண்டுமென்றால்: இரவு பத்து மணிக்கு ஒழுங்கைக்குள் சுவர் அதிர வரும் பைக்கில் ரசனை ஒன்றும் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் இன்னமும் திடுக்கிட்டு எழும்புகிற வயதானவர்கள் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பெண்களும் பைக் பைத்தியமாக இருக்கலாமா?

காலை ஏழரைக்குப் பலாலி வீதியில் நின்று பாருங்கள். ரீச்சர்மார், தாதிமார், வங்கிப் பிள்ளைகள் என்று பாதி வீதி ஸ்கூட்டிதான். ஆனால் அதை யாரும் பைக் பிரியம் என்று எண்ணுவதில்லை, அது வேலைக்குப் போகும் சாமானாம். கியர் பைக் ஓடும் பெண்ணை மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சேலை, சுடிதார்ச் சால் சில்லில் சிக்காமல் செருகிக்கொள்வது மட்டும் எப்போதும் கவனம்.

ஒரு நாளில் போய் வர நல்ல பாதை எது?

என் தெரிவு தீவுச் சுற்றுத்தான். நகரத்திலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, அங்கிருந்து ஊர்காவற்றுறை. அங்கே பைக்கைப் பாதையில் ஏற்ற வேண்டும். காரைநகருக்கு ஆளையும் பைக்கையும் கடத்தும் மிதவைக்கு ஊரில் பாதை என்றுதான் பெயர். அக்கரையில் இறங்கிக் கசூரினாவில் ஒரு குளிப்பு, பிறகு பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை, மானிப்பாய் வழியாக வீடு. வந்த வழியால் திரும்பாமல் முழு வட்டம். பாதை நேரத்தை முன்னமே விசாரியுங்கள்.

சோளகத்தில் இரண்டு பாலத்திலும் காற்று பக்கவாட்டில் தள்ளும். கையை இறுக்கினால் பைக் ஆடும். வேகத்தைக் குறைத்து, தோளைத் தளர்த்திப் பிடியுங்கள்.

நெடுந்தீவுக்கும் பைக் கொண்டுபோகலாம். புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானில் படகில் ஏற்ற வேண்டும். ஏற்றி இறக்கும்போது ஆட்கள் கைகொடுப்பார்கள், ஆனாலும் உங்கள் பைக்கை நீங்களே பிடியுங்கள். பெற்றோல் ரப்பைப் பூட்டி, கயிறு தாங்கியில் உரசாமல் துணி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அங்கே முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே ஓடும்போது குதிரைகள் குறுக்கே வரும். ஹோர்ன் அடிக்க வேண்டாம், நின்றுவிடுங்கள்.

தூரப் பயணத்துக்கு ஏ9ஆ ஏ32ஆ?

ஏ9 கண்டி வரை 321 கிலோமீற்றர், அதில் ஆனையிறவு தாண்டியதும் வன்னிக்குள் நேர்கோடு. நேர்க்கோட்டில் நித்திரை வரும், அதுதான் அங்கே எதிரி. முறிகண்டியில் எல்லோரும் நிற்பது பிள்ளையாருக்காக. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்து, முகம் கழுவிவிட்டுப் புறப்படுகிறவருக்கு நித்திரையும் கலைந்திருக்கும். எங்கள் முன்னோர் போட்ட ஓய்வு நிலையம் என்றுதான் நான் நினைக்கிறேன். இருட்டின பிறகு வீதியில் படுத்திருக்கும் மாடுகளைக் கவனியுங்கள், கறுப்பு மாடு வெளிச்சத்தில் தெரியாது.

மன்னாருக்கு ஏ32. நாவற்குழியில் திரும்பி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்குப் போகலாம். வாகனம் குறைவு, அதனால் ஓட ஆசையான வீதி. அதே காரணத்தால் ரயர் பஞ்சரானால் கேட்க ஆள் இல்லை. தாங்கியை நிரப்பி, பஞ்சர் சாமானும் ஒரு சின்னப் பம்பும் கொண்டு போங்கள். நெடுஞ்சாலை பற்றிக் கேட்பவர்களுக்கு: தெற்கின் அதிவேகப் பாதைகளில் பைக்குக்கு அனுமதி இல்லை.

மாரியில் என்ன கவனம்?

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். தண்ணீருக்கு அடியில் கிடங்கு எங்கே என்று அந்த ஒழுங்கைக்காரருக்குத்தான் தெரியும், முன்னால் போகும் சைக்கிள்காரரின் தடத்தில் போங்கள். சைலென்சர் மூழ்கும் ஆழத்தில் பைக் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். வெள்ளத்தைக் கடந்ததும் பிரேக்கை மெதுவாக நாலைந்து தரம் பிடித்துக் காயவையுங்கள். தை பிறந்தால் மழை போய்ப் பட்டம் வரும். வடமராட்சிப் பக்கம் அறுந்த நூல் வீதிக்குக் குறுக்கே கழுத்து உயரத்தில் தொங்கும், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓடுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் பைக்கில் போகலாமா?

போகலாம், கோயிலடி வரை அல்ல. இருபத்தைந்து நாளும் சுற்றுவீதிகள் மறிக்கப்பட்டிருக்கும். பக்கத்து வளவுகளில் வாகனப் பாதுகாப்பு நிலையம் போட்டு ரிக்கற் தருவார்கள். ரிக்கற்றைப் பேர்சுக்குள் வையுங்கள். தேர் முடிந்து ஒரே நேரத்தில் எல்லோரும் வரும்போது, ஆயிரம் கறுத்தப் பல்சருக்குள் உங்களுடையதைத் தேட ஒரு அடையாளம் வேண்டும். நான் கண்ணாடித் தண்டில் சிவப்பு நூல் கட்டுவேன்.

கனடாவிலிருந்து வந்த மச்சான் பைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஆடி, ஆவணி வந்தால் இது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. அவர் பதினேழு வயதில் இந்த வீதியில் ஓடினவர்தான். ஆனால் இருபது வருடம் வலது பக்கம் கார் ஓடிவிட்டு வந்திருக்கிறார், சந்தியில் திரும்பும்போது கை தானாக வலப்பக்கத்துக்குப் போகும். அங்கத்தைய லைசன்ஸ் மட்டும் இங்கே போதாது. இங்கே ஓடுவதற்கான அனுமதி எடுக்க வேண்டும், அதிலும் மோட்டார் சைக்கிள் வகுப்பு இருக்க வேண்டும். அது இல்லாமல் இடித்தால் இன்சூரன்ஸ் கேள்வி கேட்பது உங்களிடம். ‘அத்தான், நான் ஓடுறன், நீங்கள் பின்னால இருந்து இடத்தைச் சொல்லுங்கோ’ என்றால் அவருக்கும் சந்தோசம். பழைய பள்ளிக்கூடம், பழைய வீடு, பழைய கிணறு என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார், நீங்கள் பெற்றோலுக்கு அவரிடம் காசு வாங்கிக்கொள்ளலாம்.

நானே வெளிநாடு போகிறேன். பைக்கை என்ன செய்வது?

ஓட ஆள் இருந்தால் ஓடவிடுங்கள், நிற்பதைவிட ஓடுவது நல்லது. ஆனால் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள், மேலே சொன்ன ஓப்பின் பேப்பர்க் கதையில் வரும் ‘கனடாக்காரர்’ நீங்களாக வேண்டாம். நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்றால், இரும்புத் தாங்கியை முழுக்க நிரப்புங்கள், வெற்றிடம் இருந்தால் உள்ளே ஈரம் படிந்து கறள் வரும். காபிரேற்றர்ப் பைக் என்றால் ரப்பைப் பூட்டிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கிண்ணத்தை வெறுமையாக்குங்கள். புது ஒயில் ஊற்றுங்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். சென்ரர் ஸ்டாண்டில் நிறுத்தி, சைலென்சர் வாயைத் துணியால் அடையுங்கள், இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும். பிளாஸ்ரிக் உறையால் மூடாமல் பருத்திச் சேலையால் மூடச் சொல்லுங்கள், காற்றுப் போய்வரும். சாவியை அம்மாவிடம் கொடுங்கள், தம்பியிடம் அல்ல.